முள்ளம்பன்றியைச் சுற்றிப் போகவும்

எங்கள் தோர்வால்ட் கல்லூரியின் சின்னம் முள்ளம்பன்றி. கல்லூரியை நிறுவிய பாதிரியார் மினசோட்டாவின் வடக்குக் காட்டுக்கு வந்து சேர்ந்த புதிதில், அவருடைய நாய் ஒரு முள்ளம்பன்றியைக் கடிக்கப் போய் மூக்கு நிறைய முள்ளோடு திரும்பி வந்ததாம். அதிலிருந்து பாதிரியார் விடாமுயற்சியைப் பற்றி ஏதோ பாடம் கற்றுக்கொண்டார். நாய் என்ன கற்றுக்கொண்டது என்பது கல்லூரி வரலாற்றில் இல்லை.

ஐஸ் ஹாக்கி ஆடுகிற ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. உடைமாற்றும் அறையின் தரையில் அணியின் சின்னம் இருந்தால் அதை மிதிக்கக் கூடாது. யார் சொன்னது, எப்போது சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. சுற்றிப் போவோம், அவ்வளவுதான். மறந்துபோய் மிதித்துவிட்ட புது ஆட்டக்காரி அன்றைக்கு எல்லோருடைய தண்ணீர் பாட்டில்களையும் நிரப்பி வைப்பாள். எங்கள் அறையில் முள்ளம்பன்றி ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம்தான் இருந்தது. அதைச் சுற்றிப் போவதில் யாருக்கும் கஷ்டம் இருந்ததில்லை.

நான் டாக்னி ஹௌகென். கோல்கீப்பர், நான்காம் வருஷம். எங்களைப் போன்ற சின்னக் கல்லூரிப் பெண்களுக்கு நான்காம் வருஷம் என்றால் கடைசி வருஷம். அதற்கப்புறம் ஆடிச் சம்பாதிக்க இடமில்லை. ஸ்கேட்டைக் கழற்றி வைத்துவிட்டு பல் மருத்துவமனையிலோ வங்கியிலோ வேலைக்குப் போக வேண்டியதுதான். எங்கள் லீகில் முதல் நான்கு அணிகள் மட்டும் இறுதிச் சுற்றுக்குப் போகும். நான் சேர்ந்த நாள் முதல் நாங்கள் ஒருமுறைகூடப் போனதில்லை. போன வருஷம் ஒரே ஒரு ஆட்டத்தில் தவறவிட்டோம். இந்த வருஷம் போயே தீருவோம் என்று எங்களுக்குள் ஒரு முடிவு இருந்தது.

எனக்கு மட்டும் இன்னொரு கணக்கும் இருந்தது. அப்பா கேஸ் லாரி ஓட்டுகிறவர். ஒவ்வொரு சனிக்கிழமையும் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து, ஆட்டத்தைக் கைகட்டிப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போவார். எங்கள் பக்கத்து ஆண்களிடம் பெரிய பாராட்டு என்றால் "மோசமில்ல" என்பதுதான். அப்பா அதையும் கணக்குப் பார்த்துத்தான் செலவழிப்பார். எனக்குத் தெரிந்து ஒருமுறை அம்மா தைத்த போர்வையைப் பார்த்துச் சொன்னார், இன்னொரு முறை ஏரியில் பிடித்த ஒரு மீனைப் பார்த்து. மூன்றாவதை நான் வாங்கிவிட வேண்டும் என்றிருந்தேன்.

இப்படி இருக்கும்போது எங்கள் பழைய கோச் ஓய்வு பெற்று, உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போய்விட்டார். அவருடைய இடத்துக்குப் பொருத்தமான ஆளைக் கண்டுபிடிக்க ஒரு குழு, அந்தக் குழுவுக்கு ஆலோசனை சொல்ல ஒரு நிறுவனம். கோடைக்காலம் முழுவதும் அவர்கள் தேடினார்கள். கடைசியில் விளையாட்டுத் துறை இயக்குநர் டாக்டர் லோரெய்ன் ஸ்பெக் எங்களை உட்கார வைத்து, ப்ரைஸ் விண்டம் என்பவரை அறிமுகப்படுத்தினார்.

"இவர் கடைசியா ஐஸ்ல கால் வெச்சு பதினெட்டு வருஷம் ஆகுது. அதனால இவர்கிட்ட கெட்ட பழக்கம் எதுவும் இல்லை" என்றார் டாக்டர் ஸ்பெக். "இத்தனை வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குத் தலைமைப் பண்பு சொல்லிக்கொடுத்தவர். நமக்குக் கிடைச்சது நம்ம அதிர்ஷ்டம்."

கோச் விண்டம் எழுந்தார். அழகான பற்கள். எங்கள் ஊரில் ஹாக்கி ஆடியவர்களுக்கு அப்படி இருக்காது.

"நான் உங்களுக்கு ஹாக்கி சொல்லித்தர வரலை" என்று ஆரம்பித்தார். "ஹாக்கிங்கிறது ஒரு விளைவு. நான் காரணத்தோட மட்டும்தான் வேலை செய்வேன்."

எங்கள் கேப்டன் ரோமி பெலாங்கர் என் காதருகே குனிந்தாள். "அப்ப நமக்கு விளைவை யாருடி சொல்லித்தருவா?" என்று கேட்டாள். லீகிலேயே வேகமான ஆட்டக்காரி அவள். அவளுடைய கேள்விக்கு விடை சீசன் முடியும்வரை கிடைக்கவில்லை.

அதன்பின் உடைமாற்றும் அறையைச் சுற்றிப் பார்க்க வந்த கோச், நாங்கள் முள்ளம்பன்றியைச் சுற்றி நடப்பதைக் கவனித்தார். ஏன் என்று கேட்டார். மிதிக்க மாட்டோம் என்று சொன்னோம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சுவரில் கைவைத்துச் சிறிது நேரம் நின்றார்.

"இதுதான் மதிப்பு. நான் தேடிட்டு வந்தது இதுதான்" என்றார். "ஆனா இவ்வளவு சின்னதா இருக்கே."

அடுத்த வாரம் சாப்பாட்டு மேஜை அளவில் ஒரு முள்ளம்பன்றிக் கம்பளம் வந்து இறங்கியது. கோச் அதை எங்கே விரிப்பது, எந்தத் திசையில் மூக்கு இருக்க வேண்டும் என்பதில் மூழ்கியிருந்ததால், பயிற்சியை ரோமியே நடத்தினாள். நன்றாகவே நடத்தினாள். முதல் ஆட்டங்களை வரிசையாக ஜெயித்தோம். ஜெயித்ததற்குக் காரணம் என்ன என்று ஆராய டாக்டர் ஸ்பெக் ஒரு கூட்டம் போட்டார். கம்பளம்தான் என்று தெரியவந்தது. ஆகவே இன்னும் பெரிய கம்பளத்துக்கு ஆர்டர் போனது.

அந்தக் கம்பளம் கதவில் ஆரம்பித்து எதிர்ச் சுவர்வரை போயிற்று. உள்ளே காலடி வைத்தாலே முள்ளம்பன்றியின் முதுகில்தான் வைக்க வேண்டும். நாங்கள் என்ன செய்வது என்று போய்க் கேட்டோம். தடைகள் வரும்போதுதான் பண்பு வெளியே வரும் என்றார் கோச். எங்கள் பண்பு, சுவரோரமாக இருந்த பெஞ்சுகளின்மேல் ஏறி ஒற்றை வரிசையில் நடந்து போவதாக வெளியே வந்தது. கோல்கீப்பரின் சாமான்கள் ஒரு சின்னக் குடும்பத்தின் வீட்டுச் சாமான் அளவு இருக்கும். காலுக்குக் கட்டுகிற இரண்டு பெரிய பட்டைகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பெஞ்சின் விளிம்பில் பக்கவாட்டாக நகர்ந்து என் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் பாதியை எதிரணி முடித்திருக்கும். இங்கா என்ற முதல் வருஷப் பெண் ஒருநாள் பெஞ்சிலிருந்து வழுக்கினாள். முள்ளம்பன்றியின்மேல் விழாமலிருக்க அந்தரத்திலேயே திரும்பி, துணி மாட்டும் கொக்கியில் தோள்பட்டையைக் கொடுத்துக்கொண்டாள். கோச் அவளை எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார். அவள் தோள் ஆறுவதற்கு ஒரு மாதம் ஆனது.

கம்பளத்தைச் சுத்தம் செய்வது யார் என்று ஒரு பிரச்சினை வந்தது. மிதிக்காமல் எப்படிக் கூட்டுவது? ஒரு ஏணியைப் பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவே கிடத்தி, அதன்மேல் ரோமி குப்புறப் படுத்துக்கொண்டு, ஹாக்கி மட்டையின் நுனியில் கட்டிய தூசி உறிஞ்சியால் முள் முள்ளாகச் சுத்தம் செய்தாள். லீகின் வேகமான கால்கள் ஏணிக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்தன. அதையும் கல்லூரிப் பத்திரிகைக்காகப் படம் எடுத்தார்கள். கீழே "பணிவு" என்று போட்டிருந்தது.

பிறகு காவல் முறை வந்தது. முள்ளம்பன்றியைத் தனியாக விடக் கூடாது என்பதால், பயிற்சி நடக்கும்போது எங்களில் ஒருத்தி அறை வாசலில் நிற்க வேண்டும். யாரிடமிருந்து காக்கிறோம் என்று ஒரு பெண் கேட்டுவிட்டாள். அவளுக்கு இரண்டு நாள் கூடுதல் காவல்.

நாங்கள் தோற்க ஆரம்பித்தோம். இதற்கும் ஒரு கூட்டம் நடந்தது. கம்பளத்தால் ஜெயித்தது உண்மையென்றால், தோற்பது மதிப்பு போதாததால்தான் என்று டாக்டர் ஸ்பெக் தெளிவாக விளக்கினார். எங்கே போதவில்லை என்று எல்லோரும் யோசித்தார்கள். அப்போதுதான் ஐஸ் தளத்தின் நடு வட்டத்திலும், பனிக்கு அடியில், ஒரு முள்ளம்பன்றி வரைந்திருப்பது கோச்சின் நினைவுக்கு வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். எங்கள் பூசாரி புதிதாக ஒரு சாமியையே கண்டுபிடித்துவிட்டார்.

"உள்ள மிதிக்க மாட்டோம், வெளிய மட்டும் ஸ்கேட் கத்தியாலயே கிழிப்போமா?" என்று கேட்டார் கோச். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் அந்த மனுஷனிடம் இருந்த கொடுமை.

ரோமி தணிவாகப் பேசிப் பார்த்தாள். "கோச், ஆட்டம் ஆரம்பிக்கிறதே அந்த வட்டத்துலதான். நடுவுல நின்னாத்தான் நடுவர் போடற ரப்பர் வட்டை எடுக்க முடியும்" என்றாள்.

"வெளிய நின்னு கையை நீட்டு. எட்டறதுதானே முன்னேற்றம்?"

ஆக, ஒவ்வொரு ஆட்டத்தின் தொடக்கத்திலும், ஒவ்வொரு கோலுக்குப் பிறகும், எதிரணிப் பெண் வட்டத்தின் நடுவில் நிற்பாள். எங்கள் ரோமி ஓரத்தில் நின்று, வேலிக்கு வெளியிலிருந்து மாங்காய் பறிக்கிறவள் மாதிரி மட்டையை நீட்டுவாள். நடுவர் ரப்பர் வட்டைப் போடுவார். எதிரணிப் பெண் அதை எடுத்துக்கொண்டு, சில நேரம் எங்களிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டு, போய்விடுவாள். ஐஸ் மெழுகும் வண்டி ஓட்டுகிற நார்மாவிடமும் நடு வட்டத்தைச் சுற்றித்தான் ஓட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சுற்றிப் போனாலும் நேரே போனாலும் சம்பளம் ஒன்றுதான் என்றாள் நார்மா. மெழுகாமல் விட்ட வட்டம் சில வாரங்களில் கீறலும் பனித்தூளுமாக வெளுத்துப்போய், அடியில் இருந்த முள்ளம்பன்றி கண்ணுக்கே தெரியாமல் மறைந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சுற்றி நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். நம்பிக்கை முதிர்ந்துவிட்டது என்றார் கோச்.

இத்தனைக்கும் நடுவில் நாங்கள் நான்காவது இடத்துக்கான போட்டியிலிருந்து விழுந்துவிடவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிற விஷயம். அவ்வளவு நல்ல அணி அது. என் முன்னால் ஆடிய பெண்கள் ரத்தம் வர ஆடினார்கள். வெளியூர்களில் வேறு சின்னங்கள். அவற்றை மிதிக்கத் தடையில்லை என்பதால் அங்கே ஜெயித்தோம், உள்ளூரில் தோற்றோம். கடைசி ஆட்டம் லட்லோ கல்லூரியோடு, எங்கள் ஊரில். ஜெயிக்கிறவர்களுக்கு நான்காவது இடம்.

அன்றைக்கு அரங்கம் நிறைந்திருந்தது. அப்பா என் கோலுக்குப் பின்னாலிருந்த கண்ணாடியோரம் கைகட்டி நின்றார். நான் என்னால் முடிந்ததைவிட அதிகமாகத் தடுத்தேன். இருந்தும் கடைசிப் பகுதியில் லட்லோ ஒரு கோல் முந்திக்கொண்டது. மிச்சமிருந்த நேரம் கொஞ்சம்தான்.

அப்போதுதான் லட்லோவின் பத்தொன்பதாம் எண் பெண்ணுக்கு மூளை வேலை செய்தது. சீசன் முழுக்க எங்களைப் பற்றி ஊரெல்லாம் பேசிச் சிரித்த கதை அவளுக்கும் தெரியும்தானே. வட்டைத் தள்ளிக்கொண்டு நேரே நடு வட்டத்துக்குள் போனாள். அங்கே மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தாள். எங்கள் ஐந்து பேரும் பறந்து வந்து வட்டத்தின் கோட்டில் சட்டென்று நின்றார்கள். கோட்டைச் சுற்றி நின்றபடி மட்டைகளை உள்ளே நீட்டித் துழாவினார்கள். எட்டவில்லை. அவள் நகர்ந்துகொண்டே இருந்ததால் நடுவரும் விசில் அடிக்க வழியில்லை. ஆயிரம் பேர் எழுந்து கத்துகிறார்கள். எங்கள் பெண்கள் கிணற்றைச் சுற்றி நின்று வாளியைத் தேடுகிறவர்கள் மாதிரி நிற்கிறார்கள். ரோமி மட்டும் ஒருமுறை பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். கோச் நெஞ்சில் கைவைத்து நின்றிருந்தார். முகத்தில் பெருமை வழிந்தது.

கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு இன்னொரு ஆட்டக்காரியை இறக்குவதற்காக என்னைப் பெஞ்சுக்குக் கூப்பிட்டார்கள். வட்டத்தைச் சுற்றி நிற்க ஆறாவது ஆளாக ஒருத்தி தயாராக இருந்தாள். நான் கோலை விட்டுக் கிளம்பினேன். பெஞ்சை நோக்கித்தான் கிளம்பினேன்.

கோல்கீப்பருக்கு ஒரு விதி உண்டு. தளத்தின் நடுவே போகும் சிவப்புக் கோட்டைத் தாண்டி அவள் ஆடக் கூடாது. அந்தக் கோடு எங்கள் முள்ளம்பன்றியின் இடுப்பில் போகிறது. தலை அவர்கள் பக்கம், வால் எங்கள் பக்கம். பத்தொன்பதாம் எண் சுற்றிச் சுற்றி வாலுக்கு வந்தபோது நான் திரும்பினேன். அவ்வளவு பெரிய பட்டைகளைக் கட்டிக்கொண்டு நான் வருவதை அவள் எதிர்பார்க்கவில்லை. முள்ளம்பன்றியின் பின்புறத்தில் இரண்டு ஸ்கேட்டையும் நன்றாக ஊன்றி நின்று, வட்டைத் தட்டி ரோமியிடம் தள்ளினேன். ரோமிக்கு அதற்குமேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வட்டு வலைக்குள் விழுந்த சத்தம் கூட்டத்தின் சத்தத்தில் கேட்கவே இல்லை.

சமநிலை. இனி கூடுதல் நேரம். பெண்கள் என்மேல் விழுந்து கட்டிக்கொண்டார்கள். என் தலைக்கவசத்தை யாரோ இருகையாலும் குத்தினார்கள். நான்கு வருஷத்தில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு இருந்ததில்லை. அது நடுவரிடம் கோச் போய்ப் பேசும்வரை நீடித்தது.

"அந்த கோலை எடுத்துடுங்க" என்றார் கோச்.

நடுவர் பால் பண்ணை வைத்திருப்பவர். வார இறுதியில் மட்டும் விசில் ஊதுவார். "எந்த கோலை?" என்று கேட்டார்.

"எங்க கோலை. அது மதிப்பை மிதிச்சு வாங்கின கோல்."

நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "விதியில அதுக்கு இடமில்லை கோச். பொண்ணு கோட்டைத் தாண்டலை. கோல் கோல்தான்."

"அப்ப நாங்க ஆடலை. என் அணியை வாபஸ் வாங்கறேன்."

ரோமி குறுக்கே வந்து நின்றாள். அவள் குரல் உயரவில்லை. "கோச், இது எங்க கடைசி வருஷம். நாலாவது இடம் இதோ இருக்கு."

"ரோமி, இடம் வரும், போகும். மதிப்புதான் நிக்கும்."

"எங்களுக்கு வராது கோச். போகும், அவ்வளவுதான்."

நாங்கள் ஐஸை விட்டு இறங்காமல் நின்று பார்த்தோம். கோச் வாபஸ் வாங்கினால் வாங்கினதுதான், தன்னால் எதுவும் செய்ய முடியாது என்றார் நடுவர். அவருக்கே அது பிடிக்கவில்லை, பாவம். வெற்றி லட்லோவுக்குப் போனது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையாகக் கைகுலுக்குவது வழக்கம். பத்தொன்பதாம் எண் என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஜெயிக்க வேண்டும் என்று சத்தியமாக நினைக்கவில்லை என்றாள். அழுதிருந்தாள். எங்கள் வரிசை அப்போதும் வட்டத்தைத் தொடாமல் வளைந்து போனதை நான் கவனித்தேன். அப்பா கண்ணாடியோரம் அப்படியே நின்றிருந்தார்.

சீசன் முடிவு விருந்தில் கோச்சுக்கு நேர்மை விருது கொடுத்தார்கள். என்னைத் தண்டிக்க வேண்டும், ஆனால் நீக்கி வைக்க இனி ஆட்டம் எதுவும் இல்லை. ஆகவே விருந்திலிருந்து நீக்கினார்கள். டாக்டர் ஸ்பெக் பேசியதை இங்கா ஃபோனில் பதிவு செய்து அனுப்பினாள்.

"ஜெயிக்கறது யாரால வேணும்னாலும் முடியும். இந்த லீக்லயே நாலு காலேஜ் ஜெயிச்சிருக்கு" என்றார் டாக்டர் ஸ்பெக். கோழியும் காட்டரிசியும் சாப்பிடுகிற சத்தம் நின்றது. "ஆனா ஜெயிக்கிற நேரத்துல அதை நிறுத்தற துணிச்சல் நம்மகிட்டதான் இருக்கு. கோச் விண்டமோட ஒப்பந்தத்தை அஞ்சு வருஷத்துக்கு நீட்டிக்கிறோம்."

நல்ல கைதட்டல்.

பனி உருகத் தொடங்கியபோது, வேறொரு ஆலோசனை நிறுவனம் வந்தது. முள்ளம்பன்றிக்கு முள் இருப்பதாகவும், அது புது மாணவர்களை வரவேற்கிற மாதிரி இல்லை என்றும் கண்டுபிடித்தது. சின்னத்தை மாற்றிவிட்டார்கள். புதியது நீல நிறத்தில் ஒரு வளைவு. அலை என்கிறார்கள் சிலர். முன்னேற்றம் என்கிறார் டாக்டர் ஸ்பெக். முள்ளம்பன்றி போனதில் வருத்தமில்லையா என்று பத்திரிகையில் கேட்டதற்கு, சின்னம் என்றுமே முக்கியமாக இருந்ததில்லை, மதிப்புதான் முக்கியம் என்று கோச் பதில் சொல்லியிருந்தார்.

முள்ளம்பன்றியை மிதித்த ஸ்கேட்டையும் பட்டைகளையும் விசாரணைக்காக விளையாட்டுத் துறை அலுவலகத்தில் வைத்திருந்தார்கள். விசாரணை முடிந்தது, வந்து எடுத்துப் போகலாம் என்று தகவல் வந்தது. சாமான் பெரிது என்பதால் அப்பா லாரியோடு வந்தார். வெளியே உருகிய பனியும் சாலை உப்பும் மண்ணும் கலந்து கணுக்கால் அளவுக்குச் சேறு.

அலுவலகக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தேன். டாக்டர் ஸ்பெக்கின் அறை வாசலில் மிதியடியாக ஒரு கம்பளத் துண்டு கிடந்தது. எங்கள் கம்பளம்தான். துறை முழுவதற்கும் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். அந்தத் துண்டில் முகம் இருந்தது, மூக்கும் ஒரு கண்ணும் நெற்றியில் கொஞ்சம் முள்ளும். அது என்னவென்று என் புத்திக்கு எட்டுவதற்கு முன்பே என் கால்கள் சுவரோரமாக ஒதுங்கி, பக்கவாட்டில் நகர்ந்து, அதைச் சுற்றிக்கொண்டு போய் மறுபுறம் நின்றன. கையில் பட்டை இல்லை, பெஞ்சு இல்லை, கோச் இல்லை. இருந்தும் போயின. எனக்கு அவமானமாக இருந்தது. அந்த ஆட்டத்தில் தோற்றதற்குக்கூட நான் அவ்வளவு வெட்கப்படவில்லை.

பின்னால் வந்த அப்பா நின்றார். என் காலைப் பார்த்தார். கம்பளத்தைப் பார்த்தார். பிறகு முள்ளம்பன்றியின் முகத்தில் இரண்டு பூட்ஸையும் வைத்து, குதிகாலிலிருந்து நுனிவரை நிதானமாகத் தேய்த்துத் துடைத்தார்.

"நல்ல கம்பளம்" என்றார். "யாருமே மிதிச்ச மாதிரி தெரியலையே. புதுசாவே இருக்கு."

நான் திரும்ப வெளியே போனேன். சேறு நன்றாகத் தேங்கியிருந்த இடமாகப் பார்த்து நின்றேன். உள்ளே வந்து முதலில் மூக்கில், பிறகு கண்ணில், பிறகு முள்ளில் என்று ஓரிடம் விடாமல் துடைத்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் டாக்டர் ஸ்பெக் யாருக்கோ மதிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் துடைத்து முடிக்கும்வரை அப்பா கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மோசமில்ல" என்றார்.